80 பர்சன்ட் சார்ஜ் இருக்கு, ஆனா காடி ஸ்டார்ட் ஆகல: தோட்டத்து அக்காவுக்கு ஒரு பதில்

சுங்கை சிப்புட் பக்கத்துல ஒரு தோட்டத்துலேர்ந்து ஒரு அக்கா எழுதியிருக்காங்க, பேரு போட வேணாம்னு கேட்டுக்கிட்டாங்க, அவங்க எழுதுனத கொஞ்சம் சுருக்கி போடுறேன்.

"தம்பி, மவன் ஷா ஆலாம்ல வேலை செய்றான். போன வருஷம் அவங்கப்பாவுக்காக ஒரு செகண்ட் ஹேண்ட் மின்சார காடி வாங்கிக் கொடுத்தான். அவருக்கு வாரத்துக்கு மூணு நாள் ஈப்போவுல டயாலிசிஸ், நான்தான் ஓட்டிட்டுப் போறேன். போன செவ்வாய்க்கிழமை விடியக்காலையில கெளம்பலாம்னு பட்டன அமுக்குனா மீட்டர்ல எல்லா லைட்டும் மின்னுச்சி, உள்ள டிக் டிக்னு சத்தம், அப்புறம் மொத்தமா அணைஞ்சி போச்சி. முந்தின நாள் ராத்திரி 80 பர்சன்ட் இருந்துச்சி. சார்ஜ் வயர சொருகிப் பாத்தோம், அதுவும் ஏறல. இப்ப ரிமோட்டுக்குக் கூட கதவு தெறக்க மாட்டேங்குது. டவுன்லேர்ந்து ஒரு மெக்கானிக் வந்து பாத்துட்டு பெரிய பேட்டரி போச்சி, 40,000 வெள்ளி ஆகும்னு சொல்லிட்டாரு. பக்கத்து வீட்டுப் பையன் பிக்கப்புல கயிறு கட்டி இழுத்தா ஸ்டார்ட் ஆயிடும்ங்கிறான். மவன்கிட்ட 40,000 வெள்ளின்னு எப்படி சொல்றதுன்னு தெரியல. இப்ப வாடகைக் காடியிலதான் போய்ட்டு வர்றோம்."

அக்கா, மவன்கிட்ட எதுவும் சொல்லாதீங்க இப்பதைக்கு. நீங்க எழுதுனத வச்சிப் பாத்தா போனது பெரிய பேட்டரி இல்ல, பானட்டுக்கு கீழ சாதாரண பெட்ரோல் காடில இருக்குற மாதிரியே ஒரு 12 வோல்ட் சின்ன பேட்டரி இருக்கும், அதுதான். நேர்ல பாக்காம நூத்துக்கு நூறு அடிச்சி சொல்ல முடியாது, ஆனா நீங்க சொன்ன அடையாளம் நாலும் அந்த சின்ன பேட்டரியத்தான் காட்டுது. லைட்டு மின்னிட்டு அணையுறது, டிக் டிக் சத்தம், சார்ஜ் ஏறாதது, கதவு தெறக்காதது. அது தீந்து போயிருந்தா சில நூறு வெள்ளியோட முடியுற வேலை. இந்த ஊர் வொர்க்ஷாப்புல வயரிங் வேலை பாக்குறவன் நான், ஈவி, அதாவது மின்சார காடி, ஸ்டார்ட் ஆகலன்னு கூப்புடுறவங்க வீட்டுக்குப் போனா முதல்ல கையில எடுக்குறது வோல்ட்டேஜ் அளக்குற மல்டிமீட்டர்தான், பெரிய பேட்டரி பக்கம் அதுக்கு அப்புறம்தான் யோசிப்பேன்.

80 பர்சன்ட் இருந்தும் ஏன் ஓடலன்னு கேக்குறீங்க, நியாயமான கேள்வி. மீட்டர்ல நீங்க பாக்குற 80 பர்சன்ட் பெரிய பேட்டரியோடது, அது காடிக்கு அடியில தரையோட தரையா படுத்திருக்கு, 300, 400 வோல்ட் அதுல. அந்த மாதிரி வோல்ட்டேஜ எந்நேரமும் வயர்ல ஓட விட்டா ஆபத்து, ஆக்சிடென்ட் ஆனாலோ வொர்க்ஷாப்புல யாராச்சும் கை வச்சாலோ ஆள் காலி, அதனால காடிய அணைச்ச உடனே பேட்டரி பெட்டிக்குள்ள இருக்குற பெரிய ரிலே ரெண்டு, அதைத்தான் கான்டாக்டர்னு சொல்லுவோம், அது தெறந்துகிட்டு பெரிய பேட்டரி மொத்தமா தனியாயிடும். திரும்ப அந்த கான்டாக்டர மூடுறதுக்கு வேண்டிய கரண்ட் வர்றது 12 வோல்ட் பேட்டரிலேர்ந்து. காடியோட கம்ப்யூட்டர், கதவு லாக், மீட்டர், சார்ஜ் ஓட்டையோட லாக்கு, எல்லாத்துக்கும் அதே 12 வோல்ட்தான். தோட்டத்து ஸ்டோர் நெறைய அரிசி மூட்டை அடுக்கியிருந்தாலும் சாவி வச்சிருக்குற கிராணி எழுந்து வரலன்னா ஒரு படி கூட வெளிய வராது இல்லையா, அதேதான் இங்கயும்.

நீங்க பிரேக்க மிதிச்சி பட்டன அமுக்குனதும் நடக்குறது இதுதான். முதல்ல கம்ப்யூட்டருங்க எழும், ஒன்னோட ஒன்னு பேசி எல்லாம் சரியா இருக்கான்னு பாக்கும், அப்புறம் ஒரு சின்ன ரிலே வழியா கொஞ்சம் கொஞ்சமா வோல்ட்டேஜ ஏத்தும், கடைசியா பெரிய கான்டாக்டர் டொக்குன்னு மூடும், மீட்டர்ல ரெடின்னு எழுத்து இல்ல பச்சை காடி படம் வரும். அந்த டொக் சத்தம் கேட்டுப் பழகிக்குங்க அக்கா, நல்லா இருக்குற காடியில பக்கத்துல நின்னாலே கேக்கும். உங்களுக்கு கேட்ட டிக் டிக் அது இல்ல. வோல்ட்டேஜ் பத்தாம சின்ன ரிலேங்க மூடப் பாத்து மூட முடியாம விட்டு விட்டு தட்டுறது அது.

சார்ஜ் ஏறாததும் இதனாலதான். வயர சொருகுனா கரண்ட் நேரா உள்ள போயிடாது, சார்ஜரும் காடியும் முதல்ல பேசி ஒத்துக்கணும், அதுக்கு காடியோட கம்ப்யூட்டர் முழிச்சிருக்கணும். சின்ன பேட்டரி செத்திருந்தா பேசறதுக்கு ஆளே இல்ல. அதனால ராத்திரி முழுக்க சொருகி வச்சாலும் ஒன்னும் நடக்காது, வயர கழட்டி வச்சிடுங்க.

பெட்ரோல் காடின்னா பேட்டரி வீக்காகும்போது ஒரு வாரத்துக்கு முன்னாடியே சொல்லிடும், காலையில கொர்ர் கொர்ர்னு இழுத்து இழுத்து சுத்தும், நமக்கு புரிஞ்சிடும். ஸ்டார்ட்டர் மோட்டருக்கு ஒரே நேரத்துல நூத்துக்கணக்கான ஆம்பியர் வேணும், அதனால கொஞ்சம் வீக்கானாலே தெரியும். ஈவியில ஸ்டார்ட்டர் மோட்டரே கிடையாது, கம்ப்யூட்டர எழுப்பவும் ரிலேவ மூடவும் கொஞ்சம் ஆம்பியர் போதும், அதனால பேட்டரி கிட்டத்தட்ட கடைசி மூச்சுல இருந்தாலும் நேத்து வரைக்கும் நல்லா ஓடும், இன்னைக்கு காலையில செத்துக் கெடக்கும். நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சின்னு எல்லாரும் பதறுறது இதனாலதான், அந்த பதட்டத்துலதான் பெரிய பேட்டரின்னு யாரு சொன்னாலும் நம்பிடுறோம். அந்த மெக்கானிக்க நான் குறை சொல்ல வரல, பெட்ரோல் காடியில அவரு நல்ல கைகாரரா இருக்கலாம், ஆனா மீட்டர் வச்சி ஒரு வோல்ட்டேஜ் கூட அளக்காம 40,000 வெள்ளின்னு சொல்லக் கூடாது. ஒரு குடும்பம் அத கேட்டு எத்தன நாள் தூங்காம கெடக்கும்.

அந்த சின்ன பேட்டரி ஏன் தீந்துச்சின்னு பாப்போம். உங்க கடிதத்துல நடுவுல ஒரு வரி எழுதியிருந்தீங்க, அவரு உள்ள டயாலிசிஸ்ல இருக்குற நாலு மணி நேரமும் நான் காடியிலயே உக்காந்து மின்னல் எப்எம் கேட்டுக்கிட்டு இருப்பேன், சார்ஜ் வீணாகக் கூடாதுன்னு ஏர்கோன் போட மாட்டேன், காடிய ஸ்டார்ட் பண்ணாம ரேடியோ மட்டும் போட்டுக்குவேன், கண்ணாடி எறக்கி வச்சிக்குவேன்னு. அக்கா, அத படிச்சப்ப மனசு கஷ்டமா இருந்துச்சி, ஈப்போ வெயில்ல நாலு மணி நேரம் அப்படி உக்காந்திருக்கீங்க. நீங்க மிச்சம் புடிச்சது பெரிய பேட்டரிய, தீந்தது சின்னது. பெரும்பாலும் காடி ரெடியில இருக்கும்போதோ சார்ஜ் ஏறும்போதோதான் டிசி டிசி கன்வெர்ட்டர்னு ஒன்னு வேலை செஞ்சி பெரிய பேட்டரிலேர்ந்து எடுத்து சின்ன பேட்டரிக்கு சார்ஜ் கொடுக்கும், பெட்ரோல் காடில ஆல்டர்னேட்டர் செய்ற வேலை அது. ரெடியில இல்லாம ரேடியோ, மீட்டர், பெரிய ஸ்க்ரீன் எல்லாம் எரிஞ்சிக்கிட்டு இருந்தா அத்தனையும் அந்த 12 வோல்ட்டுலேர்ந்துதான் போகுது, திரும்ப ஏத்த ஆள் இல்ல.

கணக்கு போட்டா இன்னும் நல்லா தெரியும். 45 ஆம்பியர்-அவர் (Ah) சின்ன பேட்டரின்னா அதுல மொத்தம் அரை யூனிட்டு கரண்ட்தான் இருக்கு. பெரிய பேட்டரி 40, 50, 60 யூனிட்டு. ரெடியில வச்சி ஏர்கோன் போட்டு உக்காந்தா ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய ஒரு யூனிட்டு போகும், நாலு மணி நேரத்துக்கு நாலு யூனிட்டு, ஈப்போவுலேர்ந்து வீட்டுக்கு வர்றதுக்கு அதெல்லாம் ஒரு விஷயமே இல்ல, 80 பர்சன்ட்டு வச்சிருக்குற காடிக்கு. இனிமே ரெடியில வச்சி, கியர பியில போட்டு, ஹேண்ட் பிரேக் போட்டு, ஏர்கோன் போட்டு உக்காருங்க. புகை வராத காடி, மூடி வச்சி உக்காந்தாலும் பெட்ரோல் காடி மாதிரி கேஸ் உள்ள வர்ற பயம் இல்ல. எறங்கிப் போகும்போது மட்டும் மறக்காம அணைச்சிட்டு போங்க, சத்தம் இல்லாததால ஓடிக்கிட்டு இருக்குறதே மறந்துடும்.

ரேடியோ மட்டும் இல்ல. மவன் டேஷ்கேம் மாட்டிக் கொடுத்திருக்காரு, காடி நிக்கும்போதும் ரெக்கார்டு ஆகும்னு எழுதியிருக்கீங்க. 0.3 ஆம்பியர்னு வச்சுக்குவோம், ஒரு நாளைக்கு 7 ஆம்பியர்-அவருக்கு (Ah) மேல போகுது, ஓட்டாம ஒரு வாரம் நின்னா புது பேட்டரியே படுத்துடும். அதுக்கு மேல மவன் ஷா ஆலாம்லேர்ந்து அப்பாவும் அம்மாவும் பத்திரமா போனாங்களான்னு ஆப்புல அடிக்கடி பாக்குறாரு, பாசம்தான், ஆனா பல காடியில ஆப்ப தொறக்கும்போதெல்லாம் காடியோட கம்ப்யூட்டர் தூக்கத்துலேர்ந்து எழுந்து பதில் சொல்லிட்டு கொஞ்ச நேரம் கழிச்சித்தான் திரும்ப தூங்கும். சாவிய போர்ச்சுக்கு பக்கத்து சுவத்துல மாட்டியிருந்தீங்கன்னா அதையும் உள் ரூமுக்கு மாத்துங்க, சில காடி சாவி பக்கத்துல இருக்குறத உணர்ந்துகிட்டு தூங்காமலே கெடக்கும். மவன்கிட்ட டேஷ்கேமோட பார்க்கிங் மோட நிறுத்தச் சொல்லுங்க, பத்திரமா வந்துட்டோம்னு நீங்களே ஒரு வாட்சப் போட்டுடுங்க. நம்ம ஊரு சூடு வேற இருக்கு, பேட்டரிக்கு குளிரவிட சூடுதான் எதிரி, சாதா லெட் ஆசிட் பேட்டரி இங்க மூணு வருஷம் தாண்டுனாலே சந்தேகத்தோடதான் பாக்கணும், உங்களது செகண்ட் ஹேண்ட் காடி, முதல் ஓனர் எப்ப மாத்துனாருன்னு யாருக்குத் தெரியும்.

சரி, இப்ப என்ன செய்யணும்னு சொல்றேன். பிக்கப்புல கயிறு கட்டி இழுக்க விடாதீங்க, அதுதான் முதல்ல. மேனுவல் கியர் பெட்ரோல் காடிய தள்ளி ஸ்டார்ட் பண்ணலாம், ஈவிய தள்ளியும் இழுத்தும் ஸ்டார்ட் பண்ண முடியவே முடியாது. மோட்டர் வீலோட நேரா சேந்திருக்கு, வீல் சுத்துனா மோட்டரும் சுத்தி கரண்ட் உண்டாக்கும், கூலிங் ஓடாம கம்ப்யூட்டர் முழிக்காம அந்த கரண்ட் போக இடமில்லாம, பேட்டரி கரண்ட மோட்டருக்கு மாத்திக் கொடுக்குற இன்வெர்ட்டர் கெட்டுப் போகலாம். அப்ப உண்மையிலேயே பல ஆயிரம் வெள்ளி செலவு வரும். காடிய வேற இடத்துக்கு கொண்டு போகணும்னா நாலு வீலும் தரையில படாம மேல ஏத்திக்கிட்டு போற ஃபிளாட்பெட் லோரிதான், போன்ல கூப்புடும்போதே இது மின்சார காடின்னு சொல்லிடுங்க. கதவு தெறக்கலன்னா ரிமோட்டுக்குள்ள ஒரு சின்ன இரும்பு சாவி ஒளிஞ்சிருக்கும், பக்கவாட்டுல ஒரு பட்டன அமுக்கி இழுத்தா வரும், டிரைவர் கதவு கைப்பிடியில அதுக்கு ஓட்டை இருக்கும், சில காடியில பிளாஸ்டிக் மூடிக்கு பின்னால மறைஞ்சிருக்கும். உள்ள போனதும் பானட் லீவர் பெரும்பாலான காடியில கையால இழுக்குறதுதான், கரண்ட் வேண்டாம்.

பானட்ட தெறந்தா ஆரஞ்சு கலர்ல தடியா கேபிளுங்க ஓடும். அதுதான் பெரிய வோல்ட்டேஜ். ஆரஞ்சு எதையும் தொடாதீங்க, யாரையும் தொட விடாதீங்க, கழட்டிப் பாக்குறேன்னு எவ்வளவு தெரிஞ்ச ஆளு வந்தாலும் வேணாம். அதுல வேலை செய்ய தனியா டிரெயினிங், தனி கிளவுஸ், தனி டூல்ஸ் இருக்கு. பக்கத்துலேயே கறுப்பா இல்ல சாம்பலா ஒரு சின்ன பேட்டரி, சிகப்பு மூடி போட்ட பிளஸ், கறுப்பு மைனஸ், அதுதான் நம்மளோடது. சில காடில அது பின்னால சாமான் வைக்கிற எடத்துல இருக்கும், மேனுவல் புக்குல எங்கன்னு படம் போட்டிருப்பாங்க.

ஹார்ட்வேர் கடையில சாதா மல்டிமீட்டர் ஒன்னு வாங்குங்க, இல்ல பக்கத்து வீட்டுப் பையன்கிட்ட கேளுங்க, பிக்கப்ப கொண்டு வர்றவருக்கு இத செய்ய முடியாதா என்ன. டிசி 20 வோல்ட்டுல வச்சி சிகப்ப பிளஸ்ல, கறுப்ப மைனஸ்ல வைக்கச் சொல்லுங்க. சாதா லெட் ஆசிட் பேட்டரி நல்லா ஓய்வா இருக்கும்போது 12.6 காட்டுனா நெறைஞ்சிருக்கு, 12.2ன்னா பாதி, 11.8க்கு கீழன்னா காலி. உங்களது 10 இல்ல 9ன்னு காட்டும்னு நெனைக்கிறேன், ரிமோட்டுக்கு கூட பதில் வரலன்னா இன்னும் கீழயும் இருக்கலாம். ஒரு விஷயம், எல்லா ஈவியிலயும் லெட் ஆசிட் இல்ல. 2022 டிசம்பர்ல நம்ம நாட்டுக்கு வந்த பிஒய்டி ஆட்டோ 3 மாதிரி காடில சின்ன பேட்டரியும் லித்தியம்தான், புது டெஸ்லாவுலயும் லித்தியம், அதோட வோல்ட்டேஜே வேற. லித்தியம் பேட்டரி ரொம்ப எறங்குனா தன்ன தானே அணைச்சிக்கும், அதுக்கு சாதா பேட்டரி சார்ஜர மாட்டுறது தப்பு, நேரா கம்பெனி ரோட்சைட் நம்பருக்கு கூப்புட்டுடுங்க.

லெட் ஆசிட்னா ஜம்பர் கேபிள் போட்டு எழுப்பலாம், இல்ல கையடக்கமா ஜம்ப் ஸ்டார்ட்டர் பவர் பேங்க் மாதிரி விக்கிறாங்க, அது ரொம்ப வசதி, உங்க வீட்டுக்கு ஒன்னு வாங்கி வைக்கலாம்னுதான் சொல்லுவேன். கேபிள்னா மேனுவல்ல போட்டிருக்குற படிதான், பொதுவா சிகப்பு முதல்ல உங்க பிளஸ்ல, அடுத்த முனை உதவிக்கு வந்த காடியோட பிளஸ்ல, கறுப்பு அந்த காடியோட மைனஸ்ல, கடைசி முனைய உங்க பேட்டரி மைனஸ்ல மாட்டாதீங்க, கொஞ்சம் தள்ளி பாடியில பெயிண்ட் இல்லாத போல்ட்டு ஒன்னுல மாட்டுங்க. பிளஸ் மைனஸ் மாறிடக் கூடாது, ஒரு செகண்ட் மாறுனாலும் ஃபியூஸ் போகும், கன்வெர்ட்டரும் போகலாம். தோட்டத்து லோரி நிக்குதேன்னு அதுலேர்ந்து மட்டும் எடுக்காதீங்க, பெரிய லோரிங்கள்ல 24 வோல்ட், நம்ம காடிக்கு 12தான். இப்படி 24 கொடுத்து எலக்ட்ரானிக்ஸ் கருகி வந்த காடிய நான் தெறந்து பாத்திருக்கேன், போர்டு மேல பாதி கறுப்பா இருந்துச்சி, சில நூறு வெள்ளியில முடிஞ்சிருக்க வேண்டியது. மாட்டி சில நிமிஷம் அப்படியே விடுங்க, அப்புறம் பிரேக்க நல்லா மிதிச்சி பட்டன். டொக்குன்னு சத்தம் வந்து ரெடி வந்தா முடிஞ்சது விஷயம், கேபிள மாட்டுனதுக்கு தலைகீழா ஒவ்வொன்னா கழட்டிட்டு காடிய ரெடியிலேயே குறைஞ்சது ஒரு மணி நேரம் விடுங்க. உங்க காடிலேர்ந்து வேற ஆளு காடிக்கு ஜம்ப் கொடுக்குறது மட்டும் வேணாம், பல கம்பெனி மேனுவல்லயே கூடாதுன்னு போட்டிருக்கு, அவங்க ஸ்டார்ட்டர் இழுக்குற ஆம்பியர நம்ம கன்வெர்ட்டர் தாங்காது.

ரெடியில இருக்கும்போது திரும்ப அதே எடத்துல அளந்து பாருங்க, இதுதான் எனக்கு ரொம்ப முக்கியம். 13க்கு மேல, பெரும்பாலும் 13.5க்கும் 14.5க்கும் நடுவுல இருந்தா கன்வெர்ட்டர் ஒழுங்கா சார்ஜ் கொடுக்குது, பேட்டரிய மாத்துனா போதும். 12 சொச்சத்துலயே நின்னுக்கிட்டு எறங்கிக்கிட்டே போனா கன்வெர்ட்டரோ அதோட ஃபியூஸோ பாக்கணும், புது பேட்டரி போட்டாலும் ரெண்டு நாள்ல திரும்ப படுத்துடும், அப்ப ஓட்டாதீங்க, கம்பெனிக்கு ஏத்தி விடுங்க. பேட்டரி மாத்துறப்ப பழசுல ஏஜிஎம்னு (AGM, லெட் ஆசிட்லயே ஒரு வகை) எழுதியிருந்தா புதுசும் ஏஜிஎம்தான் போடணும், கொஞ்சம் மலிவா இருக்குன்னு சாதா போட விடாதீங்க, மைனஸ் முனையில ஒரு சின்ன சென்சார் இருந்தா அத ஒடைக்காம கழட்டச் சொல்லுங்க. ஒரு தடவ அடியோட காலியான லெட் ஆசிட் பேட்டரி திரும்ப பழைய படி வர்றது கஷ்டம், டயாலிசிஸுக்கு ஓடுற காடியில அத நம்பி ஓட்ட வேணாம், புதுசு போட்டுடுங்க.

ஒருவேளை அளந்து பாத்து 12.6 இருக்கு, லைட்டெல்லாம் பளிச்சுன்னு எரியுது, ஆனா ரெடி வரலன்னா கதை வேற. ரிமோட்டுக்குள்ள இருக்குற காசு மாதிரி பேட்டரி, பெரும்பாலும் சிஆர்2032, அது வீக்கா இருக்கலாம், சாவிய ஸ்டார்ட் பட்டன் மேலயே ஒட்டி வச்சி அமுக்கிப் பாருங்க, சில காடில அதுக்குன்னு வேற எடம் வச்சிருப்பாங்க. பிரேக்க மிதிக்கும்போது பின்னால சிகப்பு லைட் எரியுதான்னு யாரையாச்சும் நிக்க வச்சி பாருங்க, எரியலன்னா பிரேக் சுவிட்ச், காடிக்கு நீங்க மிதிச்சதே தெரியல. சார்ஜ் வயர் சொருகியிருந்தா எந்த ஈவியும் நகராது. இதெல்லாம் இல்லாம மீட்டர்ல மின்சார சிஸ்டம் ஃபால்ட்டுன்னு வந்தா அங்க நிறுத்திக்குங்க, திரும்பத் திரும்ப பட்டன அமுக்காதீங்க.

உங்க மாதிரி செம்பனைக்கு நடுவுல இருக்குறவங்களுக்கு எலியையும் சொல்லணும். பழக்குலைய தின்ன வர்ற எலி தோட்டத்துல எவ்வளவுன்னு உங்களுக்குத் தெரியும், அதுக்காகத்தானே தோட்டத்துல ஆந்தைக் கூண்டு வைக்கிறாங்க. காடிய நிறுத்துனா கொஞ்ச நேரம் அடியில சூடு இருக்கும், மழை ராத்திரியில எலி அங்கதான் ஏறும். டார்ச் அடிச்சி பாருங்க, பேட்டரி மூடி மேல கறுப்பா அரிசி மாதிரி புழுக்கை, வயர் தோல் துண்டு துண்டா, பாதி கடிச்ச செம்பனைப் பழம், இதுல ஒன்னு இருந்தாலும் எலி வந்திருக்குன்னு அர்த்தம். மெல்லிசு வயர்னா ஊர்லேயே ஒட்டலாம், ஆரஞ்சுல பல்லு பட்டிருந்தா காடி தானே கண்டுபுடிச்சி ரெடி வர விடாம இருக்கலாம், அது கம்பெனி வேலை. காடிக்கு அடியில இருக்குற தேங்கா மட்டை, பழைய கோணி எல்லாம் எடுத்துப் போடுங்க, கோழித் தீவனத்த போர்ச்சுல வைக்காதீங்க. வெள்ளத்துல நின்ன காடின்னா ஸ்டார்ட்டும் வேணாம் சார்ஜும் வேணாம், புகையோ வாடையோ வந்தா எல்லாரும் தள்ளிப் போய் 999க்கு அடிங்க, மின்சார காடின்னு பொம்பா (தீயணைப்பு) ஆளுங்ககிட்ட சொல்லுங்க.

இன்னொன்னு, இது ஸ்டார்ட் ஆகாததுக்கு சம்பந்தம் இல்ல ஆனா உங்க கடிதத்துல எனக்கு ரொம்ப பயமா இருந்த வரி இதுதான். ஜன்னல் வழியா எக்ஸ்டென்ஷன் வயர் இழுத்து சார்ஜ் பண்றோம்னு எழுதியிருக்கீங்க. 10 ஆம்பியர்ல சார்ஜ் பண்ணா 2.3 கிலோவாட், அது ராத்திரி முழுக்க எட்டு மணி நேரம் நிக்காம ஓடுது, வாட்டர் ஹீட்டர் மாதிரி பத்து நிமிஷத்துல முடியுற லோடு இல்ல. பழைய தோட்டத்து வீட்டு வயரிங்கும் கடையில வாங்குன எக்ஸ்டென்ஷனும் அத தாங்காது, பிளக்கு உருகி தீ புடிக்கலாம். இன்னைக்கே அந்த எக்ஸ்டென்ஷன எடுத்துடுங்க. சுருஹான்ஜாயா தெனாகாவுல (எரிசக்தி ஆணையம்) பதிவான வயர்மேன கூப்புட்டு மெயின் பாக்ஸ்லேர்ந்து தனி லைன், தனி பிரேக்கர், ஒழுங்கான எர்த்தோட போர்ச்சுல ஒரு பாயிண்ட் போடச் சொல்லுங்க, வீடு தோட்டத்தோடதுன்னா ஆபீஸ்ல கேட்டுட்டு செய்ங்க. அது வரைக்கும் டவுன்ல இல்ல ஈப்போவுல பப்ளிக் சார்ஜர்ல போட்டுக்குங்க, அவரு உள்ள இருக்குற நாலு மணி நேரத்துல பக்கத்துல எங்கயாச்சும் போட்டாலே வாரத்துக்கு போதும்.

அந்த 40,000 வெள்ளி கணக்கு இன்னும் மனசுல உறுத்துனா இதையும் தெரிஞ்சிக்குங்க. பெரிய பேட்டரிக்கு பெரும்பாலான கம்பெனி 8 வருஷம் இல்ல 160,000 கிலோமீட்டர், எது முதல்ல வருதோ அது வரைக்கும் வாரண்டி கொடுக்குறாங்க. காடி எந்த வருஷம்னு கிராண்ட்டுல (காடி பதிவுப் பத்திரம்) பாருங்க, ரெண்டாவது ஓனருக்கும் வாரண்டி மாறுமான்னு மவன விட்டு கம்பெனிக்கு கேக்கச் சொல்லுங்க. அதனாலயும் கண்டவங்க பேட்டரி பெட்டிய தெறக்கக் கூடாது, சீல் ஒடஞ்சா வாரண்டி பேச முடியாது.

காடி சரியாகுற வரைக்கும் டயாலிசிஸ் ஒரு நாளும் விடாதீங்க அக்கா. சென்டர்ல நர்ஸுங்ககிட்ட காடி பிரச்சனைய சொல்லி வைங்க, லேட்டானா நேரத்த மாத்திக் கொடுக்க முடியுமான்னு அவங்களையே கேளுங்க, அதே பக்கத்துலேர்ந்து வர்ற வேற நோயாளி குடும்பம் யாராச்சும் இருந்தா நம்பர் வாங்கி வச்சிக்குங்க, காடி நல்லா ஆன பிறகும் அந்த நம்பர் கையில இருக்கட்டும்.

வோல்ட்டேஜ் அளந்துட்டு எனக்கு மூணு நம்பர் எழுதி அனுப்புங்க, ஜம்ப் போடுறதுக்கு முன்னாடி எவ்வளவு, ரெடியில இருக்கும்போது எவ்வளவு, அணைச்சி ஒரு ராத்திரி விட்டு காலையில எவ்வளவு. சின்ன பேட்டரி மேல ஒட்டியிருக்குற ஸ்டிக்கரையும் ஒரு போட்டோ எடுத்து போடுங்க, எந்த சைஸு, ஏஜிஎம்மா சாதாவா, எந்த வருஷத்துதுன்னு அதுலயே இருக்கும், பாத்து எத வாங்கணும்னு சொல்றேன்.